லைப்னிட்ஸ் நுண்கணிதத்தை நியூட்டனிடமிருந்து எடுத்தாரா? அவருடைய கணிதத்துக்கும் தத்துவத்துக்கும் என்ன தொடர்பு?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நுண்கணிதத்தை நியூட்டனிடமிருந்து லைப்னிட்ஸ் திருடினார் என்று ஒரு காணொளியில் கேட்டிருக்கிறீர்கள், அது உண்மையா? ‘இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்தது இந்த உலகம்தான்’ என்று சொல்லிக் கேலிக்கு ஆளான தத்துவவாதியும் இதே ஆள்தானா? அவரைப் படிப்பதென்றால் எங்கே தொடங்குவது? முதல் இரண்டும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. கணக்கில் அடுத்தவர் உழைப்பை எடுத்தவர், தத்துவத்தில் கண்மூடித்தனமான நம்பிக்கைக்காரர் என்று கேள்விப்பட்ட ஒருவருக்காக நேரம் செலவழிக்கலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. தாராளமாகச் செலவழிக்கலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் பல வருடங்களாக நுண்கணிதம் நடத்துகிறவன். கணித வரலாறு அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆர்வம். லைப்னிட்ஸ் பெரும்பாலும் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினார். நான் படித்ததெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில். அதனால் கணிதம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். தத்துவம் பற்றிச் சொல்வதில் பாதி என் சொந்த வாசிப்பு, அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டுக் குற்றச்சாட்டுக்கு நேரடியான பதில்: திருடவில்லை. நியூட்டன் 1665, 1666 வாக்கிலேயே தன் முறையைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அச்சிடவில்லை. லைப்னிட்ஸ் 1675இல் தனியாக வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். 1684இல் முதலில் அச்சிட்டவரும் அவர்தான். இருவரின் கையெழுத்துப் பிரதிகளும் பத்திரமாக இருப்பதால் கணித வரலாற்றாசிரியர்களிடையே இன்று இதில் சர்ச்சை இல்லை.

அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1646இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். அப்பா அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர். மகனுக்கு ஆறு வயதாகும்போது இறந்துபோனார். அப்பா விட்டுப்போன நூலகத்தில் பையன் தானாகவே படித்து வளர்ந்தான். படித்தது சட்டம். இருபது வயதில் ஆல்ட்டோர்ஃப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்து, பேராசிரியர் வேலையும் தரத் தயாராக இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைன்ஸ் நகரத்து ஆட்சியாளரிடம் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தார். 1672இல் பாரிசுக்குப் போனதும் அரசியல் தூது வேலைக்காகத்தான். பிரான்சின் கவனத்தை ஐரோப்பாவிலிருந்து எகிப்துப் பக்கம் திருப்பிவிடும் திட்டம் ஒன்று கையில் இருந்தது. அது எடுபடவில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த கணிதம் சொற்பம்.

பாரிசில் டச்சுக் கணித, இயற்பியல் அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸைச் சந்தித்தார். ஹைகன்ஸ் அவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். 1, 3, 6, 10, 15 என்று வளரும் முக்கோண எண்கள் தெரியும் அல்லவா, அவற்றின் தலைகீழிகளை முடிவில்லாமல் கூட்டினால் என்ன வரும்? அதாவது 1 + 1/3 + 1/6 + 1/10 + 1/15 என்று போய்க்கொண்டே இருந்தால்? லைப்னிட்ஸ் செய்ததை ஒரு தாளில் நீங்களே செய்து பாருங்கள். எல்லாவற்றையும் பாதியாக்கினால் 1/2 + 1/6 + 1/12 + 1/20 என்று வரும். இதில் 1/2 என்பது 1 − 1/2. அப்புறம் 1/6 என்பது 1/2 − 1/3. 1/12 என்பது 1/3 − 1/4. கூட்டும்போது ஒவ்வொரு கழித்தலும் அடுத்ததோடு சேர்ந்து அடிபட்டுப்போக, கடைசியில் மிஞ்சுவது 1 மட்டும். பாதியாக்கியதை இரட்டிப்பாக்கினால் விடை 2.

இந்தச் சின்னக் கணக்கில்தான் அவருடைய நுண்கணிதம் முழுதும் முளைவிட்டிருக்கிறது. ஒரு வரிசையின் அடுத்தடுத்த வித்தியாசங்களைக் கூட்டினால் வருவது முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசம். கூட்டலும் வித்தியாசம் காண்பதும் ஒன்றையொன்று திருப்பிப் போடும் செயல்கள். அந்த வித்தியாசங்களை அளவிடமுடியாதபடி சிறிதாக்கிவிட்டால், தொகையிடலும் (சிறு சிறு துண்டுகளைக் கூட்டுவது) வகையிடலும் (ஒரு அளவு மாறும் வீதத்தைக் காண்பது) ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல்கள் என்ற அடிப்படைத் தேற்றம் வந்து நிற்கும். நியூட்டன் வந்த பாதை வேறு. அவருக்கு எல்லாம் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அளவுகள், அவற்றின் வேகங்கள். ஒரே இடத்தில் முடிந்தாலும் புறப்பட்ட ஊர்கள் வேறு என்பது இருவரின் தாள்களையும் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

1675 அக்டோபர் 29ஆம் தேதியிட்ட தாளில், ‘எல்லாவற்றின் கூட்டல்’ என்று இலத்தீனில் நீட்டி எழுதுவதற்குப் பதில், நீண்ட எஸ் எழுத்தைப் போடுவது வசதி என்று குறிப்பு எழுதுகிறார். இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் தொகையீட்டுக் குறி அதுதான். நவம்பர் 11ஆம் தேதித் தாளில் அவர் தடுமாறுவதையும் பார்க்கலாம். இரண்டு அளவுகளின் பெருக்கலை வகையிட்டால், தனித்தனியே வகையிட்டுப் பெருக்கியதே விடையாக வருமோ என்று யோசிக்கிறார். நான் பாடம் நடத்தும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் செய்யும் அதே தவறு. எக்ஸ் வர்க்கத்தை வைத்துப் பார்த்தாலே அது பொருந்தாது. அவரும் அதே தாளிலேயே சரிவராது என்று கண்டுகொள்கிறார். இன்னொருவர் தாளைப் பார்த்து எழுதுகிறவர் இப்படித் தட்டுத்தடுமாறிக்கொண்டு வரமாட்டார். என்னைப் பொறுத்தவரை திருட்டுப் புகாருக்கு இந்தத் தாளைவிட நல்ல மறுப்பு கிடையாது.

அப்படியென்றால் புகார் எங்கிருந்து வந்தது? சந்தேகத்துக்கு இடம் கொடுத்த சம்பவங்கள் உண்மையாகவே நடந்தன. 1673இல் அவர் லண்டனுக்குப் போனபோது, தான் கண்டுபிடித்ததாக ஒரு முறையைச் சொன்னார். அது ஏற்கெனவே பிரான்சில் அச்சாகிவிட்டது என்று ஜான் பெல் என்ற கணித அறிஞர் எடுத்துக்காட்டினார். பல வருடம் கழித்து அதையும் தோண்டியெடுத்து அவர்மேல் பயன்படுத்தினார்கள். 1676இல் மறுபடி லண்டன் போனபோது, நியூட்டனின் அச்சாகாத கட்டுரை ஒன்றை ஜான் காலின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அவருக்குக் காட்டினார். இது வலுவான குற்றச்சாட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் அப்போது அவர் எடுத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. முடிவிலித் தொடர்கள் பற்றிய பகுதியை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார். நுண்கணிதம் அதற்கு ஒரு வருடம் முன்பே அவர் கையில் இருந்தது. அதே வருடம் நியூட்டன் அவருக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் தன் முறையின் சாரத்தை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக வைத்திருந்தார். எத்தனை ‘ஏ’, எத்தனை ‘சி’ என்ற வெறும் பட்டியல். அதிலிருந்து யாரும் எதையும் கற்றிருக்க முடியாது.

சண்டை பெரிதானது 1700க்குப் பிறகு. 1712இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் ஒரு குழு போட்டு, நியூட்டனுக்குச் சாதகமாக அறிக்கை வெளியிட்டது. அப்போது அந்தச் சங்கத்தின் தலைவர் நியூட்டனேதான். அறிக்கையை எழுதியதிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு பெயர் போடாமல் அதற்கு மதிப்புரையும் அவரே எழுதினார். லைப்னிட்ஸும் இதில் சுத்தமில்லை. நியூட்டனைக் குத்திக்காட்டிப் பெயரில்லாமல் எழுதியிருக்கிறார். 1689இல் கோள்களின் இயக்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டபோது நியூட்டனின் பெரிய நூலைத் தான் படிக்கவில்லை என்று சொன்னார். அதற்கு முன்பே அந்த நூலைப் படித்து எழுதிய குறிப்புகள் அவர் தாள்களில் இருந்து 20ஆம் நூற்றாண்டில் வெளிவந்தன. நுண்கணிதத்தில் அவர் குற்றமற்றவர் என்று சொல்கிறவர்கள் இதை மறைக்கக்கூடாது.

ஒரு விஷயத்தில் அவர் நியூட்டனைவிட வெகுதூரம் முன்னால் நின்றார், அது குறியீடு. ஒன்றைப் பொறுத்து மாறும் இன்னொன்றைப் பொறுத்து மாறுவதை வகையிடும் சங்கிலி விதியை, எழுத்தின் மேல் புள்ளி வைக்கும் நியூட்டனின் முறையில் எழுதிப் பாருங்கள், எந்த அளவைப் பொறுத்து எது மாறுகிறது என்பதே தெரியாது. லைப்னிட்ஸ் முறையில் டிஒய் பை டியூ, டியூ பை டிஎக்ஸ் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், நடுவில் உள்ள டியூ பின்னம் போல அடிபட்டு டிஒய் பை டிஎக்ஸ் வந்துவிடுகிறது. அது உண்மையில் பின்னம் இல்லை, ஏன் சரியாக வருகிறது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் எச்சரிப்போம். ஆனால் கை தானாகவே சரியான வழியில் போகிறது. இங்கிலாந்துக்காரர்கள் நியூட்டன் மேலிருந்த விசுவாசத்தால் புள்ளிகளையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவிஸ் கணித அறிஞர்களான பெர்னூலி சகோதரர்களும் ஆய்லரும் லைப்னிட்ஸ் குறியீட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பியக் கணிதத்தை எங்கேயோ கொண்டுபோனார்கள். 1812இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள், சார்லஸ் பாபேஜும் நண்பர்களும், ஒரு சங்கமே ஆரம்பித்துத்தான் லைப்னிட்ஸ் குறியீட்டை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

முன்னுரிமை பற்றிப் பேசும்போது நம் பக்கத்து விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போகும் தொடரின் மதிப்பு, வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணில் நாலில் ஒரு பங்கு என்று லைப்னிட்ஸ் பாரிசில் கண்டுபிடித்தார். அதையே கேரளத்தின் சங்கமகிராம மாதவர் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார். 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில் நிரூபணமே இருக்கிறது. இந்தத் தொடரை அப்படியே கூட்டினால் ரொம்ப மெதுவாகத்தான் நெருங்கும். நூறு உறுப்புகளைக் கூட்டிய பிறகும் பையின் இரண்டாவது தசம இடத்தில் பிழை நிற்கும். கேரளத்துக்காரர்கள் அதற்குத் திருத்த உறுப்புகளையும் கண்டுபிடித்திருந்தார்கள். இவ்வளவும் உறுதி. இது கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போய் லைப்னிட்ஸ் கையில் கிடைத்தது என்று சிலர் சொல்வதற்கு மட்டும் இதுவரை நேரடி ஆதாரம் எதுவும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரியும் 1671இல் தனியாக இதை எட்டியிருக்கிறார். மாதவருக்கு உரிய பெருமையைக் கொடுக்க லைப்னிட்ஸை இன்னொரு திருட்டுக்குக் குற்றவாளியாக்க வேண்டிய தேவை இல்லை.

சரி, தத்துவத்துக்கு வருவோம். அவருடைய தத்துவத்தைக் கணிதத்திலிருந்து பிரித்துப் படித்தால் அது வினோதமாகத்தான் தோன்றும். 1684 கட்டுரையின் தலைப்பே பெருமங்களும் சிறுமங்களும் (ஒரு அளவு எட்டும் மிகப்பெரிய, மிகச்சிறிய மதிப்புகள்) காண ஒரு புதிய முறை என்று தொடங்குகிறது. அதில் அவர் தரும் உதாரணங்களில் ஒன்று ஒளிவிலகல்: காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஒளி ஏன் குறிப்பிட்ட கோணத்தில் வளைகிறது? இருக்கக்கூடிய பாதைகள் எல்லாவற்றிலும் தடை மிகக்குறைந்த பாதையை அது பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டு, சில வரிகளில் விதியை வருவித்துவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து, 1686இல், இயல்கடந்த தத்துவம் பற்றிய உரையை எழுதுகிறார். கடவுள் தேர்ந்தெடுத்த உலகம், விதிகளில் மிக எளிமையானதும் நிகழ்வுகளில் மிக வளமானதும் என்பது அதில் வருகிறது. ஒளிக்குப் போட்ட அதே கணக்கை உலகம் முழுவதற்கும் போடுகிறார். சாத்தியமான பலவற்றுள் ஒன்று நடைமுறைக்கு வருகிறது என்றால், அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் ஒரு பெருமமாகத்தான் இருக்க முடியும்.

அதே உரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒருவர் தாளில் மனம்போன போக்கில் புள்ளிகளைக் குத்திவைக்கிறார். அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும், குத்திய அதே வரிசையில் போகும் ஒரு கோட்டுக்குச் சமன்பாடு எப்போதும் கண்டுபிடிக்கலாம் என்கிறார் லைப்னிட்ஸ். அதனால் எப்படிப்பட்ட உலகத்துக்கும் ஏதோ ஒரு விதி இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சமன்பாடு தாங்கமுடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தால், அதை ஒழுங்கற்றது என்றே சொல்வோம். தரவுப் புள்ளிகளுக்குக் கோடு பொருத்தும் வேலை செய்கிற எவருக்கும், எளிமைக்கும் பொருத்தத்துக்கும் இடையிலான இந்த இழுபறி நன்றாகவே தெரியும்.

1710இல் வெளிவந்த நூலில் உலகில் தீமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு இதே வழியில் பதில் சொல்ல முயன்றார். 1755இல் லிஸ்பன் நிலநடுக்கம் பல்லாயிரம் பேரைக் கொன்ற பிறகு, 1759இல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் ஒரு கதையில் அந்தப் பதிலைக் கிழித்துப்போட்டார். நீங்கள் கேள்விப்பட்ட கேலிக்கு மூலம் அதுதான். வோல்ட்டேரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று லைப்னிட்ஸ் சொல்லவில்லை. ஒரு பகுதியில் உள்ள கேட்டைத் தனியாக நீக்கினால் முழுமை குறைந்துவிடும் என்பது அவர் வாதம். பிள்ளையை இழந்து நிற்பவரிடம் போய்ச் சொல்லக்கூடிய வாதம் இல்லை அது, அதை நான் மறுக்கமாட்டேன். எனக்கு உள்ள சந்தேகம் ஒரு கணித ஆசிரியரின் சந்தேகம்: எல்லாச் சார்புகளுக்கும் பெருமம் இருப்பதில்லை. 1, 2, 3 என்று போகும் எண்களில் மிகப்பெரியது எது? ஒவ்வொரு உலகத்தையும்விடச் சிறந்த இன்னொன்று எப்போதும் இருந்தால் என்ன செய்வது? இது அவருக்கும் தெரிந்திருந்தது. சிறந்தது என்று ஒன்று இல்லாவிட்டால் கடவுள் எதையுமே படைத்திருக்க மாட்டார், உலகம் இருப்பதால் சிறந்தது ஒன்று இருக்கிறது என்று பதில் சொல்கிறார். எனக்கு அது போதவில்லை. தத்துவம் முறையாகப் படித்தவர்கள் இதில் என்னைத் திருத்தலாம்.

‘கணினியின் தந்தை’ என்று அவரைச் சொல்வதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 0, 1 இரண்டை மட்டும் வைத்து எல்லா எண்களையும் எழுதும் இரும முறையை 1703இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் விளக்கினார். பெருக்கலும் வகுத்தலும் செய்யும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அதில் ஒன்று இன்றும் ஹானோவர் நூலகத்தில் இருக்கிறது. மிச்சத்தைத் தானாக அடுத்த இடத்துக்குத் தள்ளும் பகுதி முழுமையாக ஒத்துழைக்கவில்லை. கருத்துகளுக்குச் சரியான குறியீடு அமைந்துவிட்டால், சச்சரவு வரும்போது இரண்டு பேர் எழுதுகோலை எடுத்துக்கொண்டு ‘கணக்கிட்டுப் பார்ப்போம்’ என்று உட்கார்ந்துவிடலாம் என்ற கனவும் அவருடையது. இதெல்லாம் உண்மை. ஆனால் இன்றைய கணினிகள் அவர் தாள்களிலிருந்து நேராக இறங்கி வந்தவை என்று காட்ட முடியாது. ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதம் 19ஆம் நூற்றாண்டில் வேறு வழியாக வந்தது, லைப்னிட்ஸின் தர்க்கத் தாள்கள் பலவும் அதற்குப் பிறகுதான் அச்சேறின.

பின்னாள் வாழ்க்கை மனதைக் கஷ்டப்படுத்தும். 1676 முதல் சாகும்வரை ஹானோவர் அரச குடும்பத்தின் வேலையாள். ஹார்ஸ் மலைச் சுரங்கங்களிலிருந்து காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைக்க வருடக்கணக்கில் முயன்று தோற்றார். அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். முப்பது வருட வேலைக்குப் பிறகு 1005ஆம் ஆண்டுவரைதான் வந்திருந்தார். 1714இல் அவர் எஜமானர் இங்கிலாந்தின் அரசராகி லண்டனுக்குப் போனபோது, வரலாற்றை முடி என்று சொல்லி இவரை ஹானோவரிலேயே விட்டுவிட்டார்கள். 1716 நவம்பரில் இறந்தார். விட்டுப்போன தாள்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பக்கம், கடிதங்கள் மட்டும் பதினைந்தாயிரம். நூறு வருடத்துக்கு மேலாகப் பதிப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. அதனால் ‘லைப்னிட்ஸ் கடைசிவரை இப்படித்தான் நினைத்தார்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், நான் உட்பட, கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு: பலரும் 1714இல் எழுதிய மோனடாலஜியைக் கையில் கொடுப்பார்கள், சின்னதாக இருக்கிறது என்பதற்காக. தொண்ணூறு குட்டிப் பத்திகள்தான். ஆனால் அது முடிவுகளின் பட்டியல் போன்றது. எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று தெரியாமல் படித்தால் அவர் உலகின் அடிப்படை அலகுகள் என்று சொல்லும், பகுக்கமுடியாத, ஜன்னல் இல்லாத மோனடுகள் வெறும் கற்பனையாகத் தோன்றிவிடும். நான் 1715, 1716இல் அவருக்கும் சாமுவேல் கிளார்க்குக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைத்தான் சொல்வேன். வேல்ஸ் இளவரசி கரோலின் வழியாகப் போய்வந்த கடிதங்கள். கிளார்க் நியூட்டனின் நண்பர், அவர் பக்கம் நின்று வாதாடியவர். வெளி என்பது பொருள்கள் இல்லாமலேயே தனியாக இருக்கும் ஒன்றா, பொருள்களுக்கு இடையிலான உறவு மட்டும்தானா? வெளி தனியாக இருக்கிறது என்றால், கடவுள் ஏன் உலகத்தைக் கிழக்கும் மேற்கும் மாற்றிப் போட்டுப் படைக்கவில்லை, இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாதே என்று கேட்கிறார் லைப்னிட்ஸ். சுழலும் பொருளில் தெரியும் விசையை எப்படி விளக்குவீர்கள் என்று கிளார்க் திருப்பிக் கேட்கும் இடத்தில் லைப்னிட்ஸ் திணறுகிறார் என்பது என் கருத்து. இயற்பியல் தத்துவத்தில் இந்த வழக்கு இன்றும் முழுதாகத் தீரவில்லை. ஆளுக்கு ஐந்து கடிதங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். முதல் இரண்டு சுற்றுக் கடிதங்கள் குட்டியானவை, ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஐந்தாவது நீளமானது, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அதன் பிறகு 1686 உரை, கடைசியாக மோனடாலஜி.